‘இயற்கை’ என்று எழுதினால் போதுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை நம்முடன் கூடவே வரும். மலையடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் தெரியும். சமவெளியில் கண்மாய்களும் வயல்களும் இருக்கும். புறப்படும் ஊர் பால்கோவாவுக்குப் பேர் போனது. போய்ச் சேரும் ஊர் மாம்பழத்துக்குப் பேர் போனது. இரண்டுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

இப்படிப்பட்ட ஊர்களில் வாழ்கிறவர்களுக்கு நல்ல உணவைத் தேடுவதில் சிரமமே இராது என்று வெளியூர்க்காரர்கள் எண்ணக்கூடும். ஆனால் எந்த ஊர்க் கடைத்தெருவையும் போல இங்கும் ஒரு சுற்று வந்து பாருங்கள். “இயற்கை”, “ஆர்கானிக்”, “நாட்டு”, “பாரம்பரியம்”, “மரச்செக்கு” என்ற சொற்கள் பலகைகளிலும் பொட்டலங்களிலும் கண்ணில் படும். இந்தச் சொல் ஒட்டிக்கொண்டவுடன் பொருளின் விலையும் ஏறிவிடுகிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டை நம்பாமல் சிலர் சிறு கடைகளைத் தேடிப் போகிறார்கள். சிறு கடையை நம்பாமல் வேறு சிலர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். இவர்களில் யார் செய்வது சரி?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை பெரிதா, சிறிதா என்று பார்ப்பதில் பயனில்லை. நாம் கேட்கும் கேள்விக்கு, சரிபார்க்கக்கூடிய விடை அங்கே கிடைக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். விடை கிடைக்கும் இடமே நம்பத் தகுந்த இடம். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டியவர்கள் அறிவியல் படிக்கும் நீங்கள்தான்.

மூன்று கேள்விகள்

“இது நல்ல பொருளா?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்ல பொருள்தான்” என்ற விடைதான் வரும். அதனால் யாருக்கும் பயன் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்.

முதல் கேள்வி: இது எங்கே விளைந்தது, எங்கே செய்யப்பட்டது?

இரண்டாவது கேள்வி: இதில் சேரக்கூடாதது எதுவும் சேர்ந்திருக்கிறதா?

மூன்றாவது கேள்வி: இதை எப்படி விளைவித்தார்கள்?

இம்மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்கும் விடையாக எடுத்துக்கொள்வதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

பால்கோவாவையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த பால்கோவாவை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெயரில் விற்பது சட்டப்படி தவறு என்பது இதன் பொருள். இது முதல் கேள்விக்கான விடை. இதற்கு மேல் அந்தக் குறியீடு வேறு எதையும் சொல்வதில்லை. பசு தின்ற தீவனம் எப்படி விளைந்தது, சர்க்கரைக்கான கரும்பு எந்த உரத்தில் வளர்ந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. “புவிசார் குறியீடு பெற்றது, ஆகவே இயற்கையானது” என்று யாராவது சொன்னால், அவர் முதல் கேள்வியின் விடையை மூன்றாவது கேள்விக்குக் கொடுக்கிறார் என்று கண்டுகொள்ளுங்கள்.

நம் கையால் செய்யக்கூடிய சோதனை

இரண்டாவது கேள்வி கலப்படம் பற்றியது. இதில் பள்ளி ஆய்வுக்கூடம் நமக்குக் கைகொடுக்கும்.

பாலும் சர்க்கரையும் மட்டுமே சேர வேண்டிய பால்கோவாவில், எடை கூட்டுவதற்காக மாவுப்பொருள் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமா? சிறிதளவு பால்கோவாவை நீரில் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று சொட்டு அயோடின் கரைசல் விடுங்கள். நீல நிறம் தோன்றினால் ஸ்டார்ச் இருக்கிறது என்று அறியலாம். உருளைக்கிழங்குத் துண்டின் மேல் அயோடின் விட்டு நீங்கள் வகுப்பில் பார்த்த அதே வினைதான் இது. ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். சோதித்த பொருளை வாயில் போடாதீர்கள்.

இப்போது மாம்பழத்துக்கு வருவோம். காயைப் பழுக்க வைக்கச் சிலர் கால்சியம் கார்பைடு கல்லைப் பயன்படுத்துவது உண்டு. கார்பைடின் மீது ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு வெளிவரும். இது காயின் தோலை விரைவில் மஞ்சளாக்கிவிடும். கடைகளில் கிடைக்கும் கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவை மாசுகளாகக் கலந்திருக்கக்கூடும். அதனால்தான் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதே சமயம், எத்திலின் வாயுவை வரையறுத்த அளவில் பயன்படுத்திப் பழுக்க வைக்க அனுமதி உண்டு. ஏனெனில் எத்திலின், பழுக்கும் காய் தானே உண்டாக்குகிற வாயு. பாட்டி மாங்காய்களை வைக்கோலுக்குள் மூடி வைத்தபோது, காய்கள் வெளியிட்ட எத்திலின் வெளியே போகாமல் உள்ளேயே தங்கியது. வேதியியல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தோல் முழுதும் ஒரே மஞ்சளாக இருந்து, உள்ளே கெட்டியாகவும் புளிப்பாகவும் இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் இது ஓர் அறிகுறி மட்டுமே. சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. இதை மறந்து, பழம் விற்கும் ஓர் ஏழைத் தள்ளுவண்டிக்காரர் மேல் பழி போட்டுவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத கேள்வி

மூன்றாவது கேள்விதான் கடினமானது. இதை எப்படி விளைவித்தார்கள்?

ஒரு கத்தரிக்காயில் பூச்சித் துளை இருந்தால் அது மருந்து அடிக்காத காய் என்று பலர் நம்புகிறார்கள். மருந்து அடித்த பிறகும் புழு பிழைத்திருக்கலாம். புழு நுழைந்த பிறகு மருந்து அடித்திருக்கலாம். முட்டையின் ஓடு பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்கிறார்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பண்ணையில் அடைத்து வளர்க்கப்படும் சில இனங்களும் பழுப்பு முட்டை இடுகின்றன. ஆகவே கண்ணால் பார்த்து மூன்றாவது கேள்விக்கு விடை காண முடியாது.

சோதனைச்சாலைக்கு அனுப்பினால் என்ன? அங்கே நுட்பமான கருவிகள் உண்டு. ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவிலுள்ள பூச்சிமருந்து எச்சத்தைக்கூட அவற்றால் அளக்க முடியும். ஒரு டன் மாம்பழத்தில் 10 மில்லிகிராம் என்பது இதன் கணக்கு. வியப்பான திறமைதான்! ஆனால் எச்சம் இல்லை என்று முடிவு வந்தாலும், மருந்தே அடிக்கவில்லை என்று ஆகாது. அடித்த மருந்து வெயிலிலும் மழையிலும் சிதைந்து போயிருக்கலாம்.

உரத்தின் கதை இதைவிடச் சுவையானது. தொழுவுரத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியாவாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகுதான் பயிரின் வேர் அதிலுள்ள நைட்ரஜனைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. யூரியாவும் மண்ணில் அதே வடிவங்களுக்கு மாறுகிறது. வேரைப் பொறுத்தவரை நைட்ரேட் நைட்ரேட்தான். அது சாணத்திலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று வேர் கேட்பதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜெர்மானிய விஞ்ஞானி பிரெடரிக் வோலர் 1828-இல் கனிமப் பொருள்களிலிருந்து யூரியாவைத் தயாரித்துக் காட்டினார். கரிம வேதியியலின் வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை. ஆங்கிலத்தில் கரிம வேதியியலை ‘ஆர்கானிக் கெமிஸ்ட்ரி’ என்கிறோம். அந்த ஆர்கானிக் கெமிஸ்ட்ரியின் தலைமகனான யூரியாவுக்கு ஆர்கானிக் விவசாயத்தில் இடமில்லை! ஒரே சொல், இரண்டு துறைகளில் இரண்டு பொருள். ஆகவே ஒரு சொல்லைக் கண்டதும் மயங்கிவிடக் கூடாது.

அப்படியானால் இரசாயன உரமும் சாணமும் எல்லா வகையிலும் ஒன்றா? இல்லை. தொழுவுரம் மண்ணுக்கு மட்கைச் சேர்க்கிறது. மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆற்றலையும், மண்ணில் வாழும் உயிர்களையும் அது வளர்க்கிறது. இந்த வேறுபாடு நிலத்தில் இருக்கிறது. பழத்தை அறுத்துப் பார்த்தால் தெரியாது. ஆகவே, பார்க்க வேண்டிய இடம் தோட்டம்தான்.

தோட்டத்தைப் பார்ப்பவர் யார்?

எல்லோரும் எல்லாத் தோட்டங்களுக்கும் போக முடியாது. அதனால்தான் சான்றிதழ் என்ற ஏற்பாடு தோன்றியது. நம் நாட்டில் அங்கக விளைபொருளுக்கான தேசியத் திட்டம் 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ் வழங்குவதற்கென்றே 2007-இல் கோவையில் ஓர் அரசுத்துறை தொடங்கப்பட்டது. ஆய்வாளர் தோட்டத்துக்கு வருவார். விதை, உரம், மருந்து, விற்பனை எல்லாவற்றுக்கும் விவசாயி எழுதி வைத்திருக்கும் பதிவேடுகளைப் பார்ப்பார். இன்று யூரியாவை நிறுத்திவிட்டு நாளையே ‘ஆர்கானிக்’ என்று விற்றுவிட முடியாது. நெல் போன்ற ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும், மா போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் மாறுகாலமாகக் கழிய வேண்டும்.

இந்த முறைக்குச் செலவும் எழுத்து வேலையும் அதிகம். சிறு விவசாயிக்காக வேறொரு முறை இருக்கிறது. பங்கேற்பு உத்தரவாத முறை என்று அதற்குப் பெயர். இந்திய அரசு இதை 2011 முதல் நடத்துகிறது. ஒரே கிராமத்தையோ பக்கத்துக் கிராமங்களையோ சேர்ந்த ஐந்து விவசாயிகளாவது ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒருவர் நிலத்தை மற்றவர்கள் போய்ப் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். பக்கத்து வயல்காரருக்குத் தெரியாமல் மருந்து மூட்டை இறக்குவது எளிதா, சொல்லுங்கள்! கிராமத்தின் கண்களையே சோதனைக் கருவியாக்கிய நல்ல யோசனை இது.

இந்த யோசனை நம் நாட்டில் மட்டும் தோன்றியதன்று. ஜப்பானில் தொழிற்சாலைக் கழிவாலும் பூச்சிமருந்தாலும் மக்கள் அஞ்சிய காலத்தில், 1971-இல் அங்கக விவசாயச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அப்போது பரவிய முறைக்கு ‘தெய்கேய்’ என்று பெயர். நகரத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு விவசாயியோடு நேராக ஒப்பந்தம் செய்துகொண்டன. விளைச்சலை அவை வாங்கிக்கொண்டன; தோட்டத்துக்குப் போய் வேலையிலும் உதவின. அங்கே முத்திரையை விடப் பழக்கமே பெரிய சான்றாக இருந்தது.

பொட்டலத்தில் அடைத்து ‘ஆர்கானிக்’ என்று விற்கும் பொருள்களுக்கு நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு விதிகள் வந்தன. ‘ஜைவிக் பாரத்’ என்ற முத்திரையும் வந்தது. அம்முத்திரையோடு சான்றிதழ் விவரமும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறுமனே “இயற்கை” என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஒரு பச்சை இலைப் படம் போட்டிருந்தால், அது விளம்பரம்தான், சான்று ஆகாது. மண்பானையும் ஓலைத் தட்டியும் வைத்து அலங்கரித்த கடைக்கும் இது பொருந்தும்.

சிறு விவசாயி தன் விளைச்சலை உண்பவருக்கு நேராக விற்கும்போது இந்தச் சான்று கட்டாயமில்லை. அவரிடம் முத்திரை இல்லை என்பதற்காக அவரை ஒதுக்கிவிடக் கூடாது. அவரிடம் கேள்வி கேட்கலாம்; தோட்டத்தையும் போய்ப் பார்க்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் இல்லாத வசதி இது.

உழவர் சந்தையில் என்ன கேட்கலாம்?

1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு நம் இரு ஊர்களிலும் உழவர் சந்தை வந்தது. அங்கே விற்பவர் அடையாள அட்டை பெற்ற விவசாயி. ஆகவே முதல் கேள்விக்கு, ‘எங்கே விளைந்தது’ என்பதற்கு, விடை உண்டு. ஆனால் உழவர் சந்தைக் காய்கள் எல்லாம் மருந்து அடிக்காதவை என்று எண்ணிக்கொள்வது தவறு. அப்படி அந்தச் சந்தை யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அங்கே போய், “அக்கா, இது ஆர்கானிக்கா?” என்று கேட்காதீர்கள். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: “அக்கா, இந்த வெண்டைக்குக் கடைசியாக மருந்து அடித்தது எப்போது? என்ன மருந்து? புழு வந்தால் என்ன செய்வீர்கள்? பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தால் உங்கள் பக்கம் காற்றில் வராதா? ஒரு நாள் நாங்கள் வந்து பார்க்கலாமா?”

தோட்டத்தில் வேலை செய்கிறவரால் இவற்றுக்கு விவரமாக விடை சொல்ல முடியும். “போன வாரம் ஒரு தடவை மருந்து அடிச்சேன் தம்பி, அசுவினி தாங்க முடியல” என்று ஒருவர் சொன்னால், என்னைக் கேட்டால், “எல்லாம் சுத்த இயற்கை” என்று சொல்லிப் பேச்சை மாற்றுகிறவரை விட அவரையே நான் நம்புவேன். உண்மையைச் சொல்லத் துணிந்தவர் அவர். அடுத்த முறை எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று அவரோடு பேசவாவது முடியும்.

“தெரிந்தவர்தானே, கேட்க வேண்டுமா?” என்று சிலர் சொல்வார்கள். தெரிந்தவர் பொய் சொல்லமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவருக்கே தெரியாமல் இருக்கலாமே! அவர் வாங்கி விற்கும் எண்ணெய்க்கான கடலை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டிருக்கிறாரா? அறிமுகம் கேள்வி கேட்க வாய்ப்பைத் தருகிறது. கேள்வியைக் கேட்க வேண்டியது நாம்தான்.

இயற்கை எல்லாம் நல்லதா?

இங்கே ஓர் எச்சரிக்கை. இயற்கை என்றாலே தீங்கற்றது என்று பொருளல்ல. ஈரத்தில் வைத்த நிலக்கடலையில் பூஞ்சை படர்ந்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். எந்த ஆலையும் இல்லாமல் இயற்கையே தயாரிக்கும் நஞ்சு அது; கல்லீரலைத் தாக்கும். பூஞ்சை பிடித்த கடலையை மரச்செக்கில் ஆட்டினால், அந்த நஞ்சும் எண்ணெயில் வரும். ஆகவே செக்கு மரமா, இரும்பா என்று கேட்பதோடு, கடலை நன்றாகக் காய்ந்ததா என்றும் கேட்க வேண்டும். காய்ச்சாத பாலும் இயற்கையானதுதான். அதிலும் நோய்க் கிருமிகள் இருக்கலாம்.

ஊட்டச்சத்து அதிகம் என்ற வாதத்தையும் அளவோடு ஏற்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அங்கக உணவில் பூச்சிமருந்து எச்சம் காணப்படும் வாய்ப்பு குறைவு என்றும், சத்தில் பெரிய வேறுபாட்டுக்கு வலுவான சான்று இல்லை என்றும் அதில் கூறினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? இரண்டு மடங்கு விலை கொடுக்க முடியாத வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அந்த வீட்டுத் தாய், “என் பிள்ளைக்கு நஞ்சைத்தான் கொடுக்கிறேனோ” என்று கலங்கும்படி செய்வது பெருங்குற்றம். சாதாரணச் சந்தைக் கீரையையும் காயையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவிச் சமைத்து உண்பது, பயந்து காய்கறியையே குறைத்துக்கொள்வதை விடப் பல மடங்கு நல்லது.

இதில் யாருக்கு என்ன இழப்பு?

அப்படியானால் இந்தக் கேள்விகளெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு பேருக்காக என்பேன்.

ஒருவர், மருந்து தெளிக்கும் தொழிலாளி. உண்பவருக்கு வருவது மில்லிகிராமிலும் நுண்ணிய எச்சம். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, வெயிலில் தெளிப்பானை முதுகில் சுமப்பவருக்குக் காற்றிலும் தோலிலும் வருவது அதைப்போல் பல மடங்கு. நம் தட்டைப் பற்றி மட்டும் கவலைப்படும்போது இவரை நாம் மறந்துவிடுகிறோம்.

மற்றவர், உண்மையாகவே மருந்தில்லாமல் விளைவிக்கும் சிறு விவசாயி. மாறுகாலத்தில் மூன்று ஆண்டுகள் குறைந்த விளைச்சலையும் பொறுத்துக்கொள்கிறார். அவர் சந்தைக்கு வந்து சேரும்போது, பக்கத்துக் கடையில் சாதாரணச் சரக்கே “இயற்கை” என்ற சீட்டோடு உட்கார்ந்திருக்கிறது. கேள்வி கேட்காத நம்முடைய பணம் அந்தச் சீட்டுக்குப் போகிறது. பொய்ச் சீட்டு முதலில் ஏமாற்றுவது நம்மை. ஆனால் தொழிலை விட்டே விரட்டுவது இவரை.

ஆகவே, இளம் நண்பர்களே, உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வீட்டுக்கு வாங்கும் பத்துப் பொருள்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று கேள்விகளையும் எழுதுங்கள். கடைக்கார அண்ணாச்சியிடமும், சந்தை அக்காவிடமும், சூப்பர் மார்க்கெட் பொட்டலத்திலும் கிடைக்கும் விடையை ஒரே அளவுகோலால் அளந்து குறியுங்கள். விடை இல்லாத இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பருவத்துக்கு ஒருமுறை ஆசிரியரோடு ஒரு தோட்டத்துக்குப் போய் வாருங்கள். மாம்பழப் பருவத்தில் போனால் விவசாயி வெறுங்கையோடு அனுப்பமாட்டார்!

ஆண்டு முடிவில் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்தக் கடைக்கு நேரே விடைகள் நிறைந்திருக்கின்றன, எந்தக் கடைக்கு நேரே வெற்றிடம் கிடக்கிறது என்பது தெரியும். அடுத்த முறை பையை எடுத்துக்கொண்டு அம்மா கடைக்குக் கிளம்பும்போது, எங்கே போகலாம் என்று நீங்கள் சொல்லலாம்.